உல்லன் நூல் தோரணம்: எத்தனை கண்டு வேண்டும்?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

தீபாவளிக்கு வாசலில் மாட்ட, உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி கலர் கலராக முடிச்சுப் போட்டுத் தோரணம் செய்யலாம் என்றிருக்கிறேன். 10 கண்டு வாங்கியாகிவிட்டது. 2 மீட்டர் வாசலுக்குப் போதுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மாவிலை கட்டுகிற இடத்தில் நூலைத் தொங்கவிட்டால் மாமியார் ஏதாவது சொல்வாரா?
(கூலிம்காரி, மலேசியா)

பதில், 6 செப்டம்பர், இரவு

பத்துக் கண்டை வாங்கி வைத்துக்கொண்டு போதுமா என்று கேட்கிறீர்களே. போதும், மிஞ்சவும் மிஞ்சும். மிஞ்சுவதில் மாமியாருக்கு ஒரு சால்வை பின்னிக் கொடுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்.

கணக்கு இதுதான். சாதாரண மொத்தத்தில் இருக்கிற நூல் கயிற்றில் ஒரு முடிச்சுக்கு அரை சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். அப்படியானால் 2 மீட்டருக்கு 400 முடிச்சு. ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் தொங்கினால் 400 பெருக்கல் 15, ஆக மொத்தம் 60 மீட்டர். 50 கிராம் கண்டில் 120 மீட்டர் மாதிரி வரும், லேபிளில் போட்டிருப்பார்கள். அதாவது அரைக் கண்டு.

மாவிலை இடத்தில் நூல் கூடவே கூடாது என்பது என் கட்சி. மாவிலை வாடும், வாடியதும் கழற்றுவோம், அடுத்த நல்ல நாளுக்குப் புதிதாகப் பறிப்போம். நூல் வாடாது. வாடாததை யாரும் கழற்ற மாட்டார்கள். எங்கள் தாமானிலேயே (குடியிருப்பு) ஒரு வீட்டில் பிளாஸ்டிக் மாவிலை ஏழெட்டு வருடமாகத் தொங்குகிறது, பச்சை போய் நீலமாகிவிட்டது. ஹாலில் மாட்டுங்கள், பிள்ளைகள் பிறந்தநாளுக்கு மாட்டுங்கள், நிலைப்படியை மட்டும் விட்டுவிடுங்கள்.

7 செப்டம்பர், காலை

நேற்றுச் சொன்ன கணக்கு தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது, எழுந்துவந்து எழுத சோம்பல்.

நூலை இரண்டாக மடித்துத்தானே முடிச்சுப் போடுகிறோம். 15 தொங்க வேண்டுமென்றால் இரண்டு வாலுக்கு 30, முடிச்சு விழுங்குவதற்கு ஒரு 2, ஆக 32 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். 400 முடிச்சுக்கு 128 மீட்டர். அரைக் கண்டு இல்லை, ஒரு கண்டும் கொஞ்சமும்.

இந்தப் புத்தி எனக்குக் காசு கொடுத்து வந்தது. முதல்முறை செய்தபோது 15 சென்டிமீட்டர் அகல அட்டையில் நூலைச் சுற்றி, கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டினேன். ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தால் 30. இரண்டு பக்கமும் வெட்டியதால் எல்லாம் 15. மடித்து முடிச்சுப் போட்டால் ஆறு சென்டிமீட்டர்தான் தொங்கியது, பல் துலக்குகிற பிரஷ்ஷை வரிசையாக அடுக்கின மாதிரி. அதையும் வீணாக்காமல் பூனைக்குக் கழுத்துப்பட்டை செய்தேன். பூனைக்கு அதுவும் பிடிக்கவில்லை.

9 செப்டம்பர்

முடிச்சு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்ஜ் கயிற்றில் சாவி மாட்டுவோமே, அதேதான்.

நூலை மடித்தால் மடிப்பில் ஒரு காது கிடைக்கும். அதைக் கயிற்றுக்குப் பின்னால் பிடியுங்கள். காது கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், வால்கள் கீழே தொங்க வேண்டும். இப்போது காதை முன்பக்கமாகக் கயிற்றின் மேல் கவிழ்த்து, வால்களை அதற்குள் விட்டு இழுங்கள். முன்னால் இரண்டு நெட்டுச் சுற்று மட்டும் தெரியும், குறுக்குப் பட்டை பின்னுக்குப் போய்விடும். காதை முன்னால் வைத்துப் பின்பக்கம் கவிழ்த்தால் அந்தப் பட்டை முன்னால் தெரியும். எது அழகு என்பது உங்கள் இஷ்டம், ஆனால் தோரணம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். நான் டிவி பார்த்துக்கொண்டே கட்டியதில் பாதி முன்முகம், பாதி பின்முகம். தூரத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என் பெரியம்மா உள்ளே வந்து செருப்பைக் கழற்றுகிறதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

சின்ன மகன் சொன்ன ஒரு விஷயம். தென் அமெரிக்காவில் இன்கா மக்கள் கீப்பு என்று ஒன்று வைத்திருந்தார்களாம். ஒரு முக்கியக் கயிறு, அதில் வரிசையாகத் தொங்குகிற கலர் நூல்கள், அந்த நூல்களில் பத்துப் பத்தாக எண்ணுகிற முடிச்சுகள். கணக்கு வைக்கத்தான். அதிலும் தொங்குகிற நூலை முக்கியக் கயிற்றில் மாட்டுகிறபோது முன்முகம் பின்முகம் என்று இரண்டு வகை உண்டாம். உடனே என் ஆயா ஞாபகம் வந்தது. தோட்டத்தில் மாடு வைத்திருந்தார், எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வீட்டில் பால் காசு பாக்கியோ அந்த வீட்டுக்கு ஒரு சணல், பாக்கி வைத்த ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு முடிச்சு. சம்பள நாளன்று சணலோடு போய் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நிற்பார். ஒருத்தரும் தகராறு செய்ததில்லை.

13 செப்டம்பர்

அட்டையை விடுங்கள். அட்டை சுற்றச் சுற்ற நடுவில் வளைந்துபோகும், முதலில் சுற்றியது நீளமாகவும் கடைசியில் சுற்றியது குட்டையாகவும் வரும். உல்லன் நூலுக்கு இழுவை வேறு உண்டு. இறுக்கிச் சுற்றி வெட்டினால் வெட்டின மறுநிமிஷம் சுருங்கி, அளவு எல்லாம் கோவிந்தா.

வீட்டில் கெட்டிப்பால் டின் இருக்கும்தானே, தேத்தண்ணிக்கு ஊற்றுவது. காலி டின்னைக் கழுவி, லேபிளை உரித்து, அதில் சுற்றுங்கள். டின் வளையாது. நான் அளந்த டின்னின் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரே ஒரு இடத்தில் மேலிருந்து கீழாக வெட்டினால் எல்லாத் துண்டும் 23. மடித்து முடிச்சுப் போட்டால் பத்து சென்டிமீட்டர் தொங்கும். வாசலுக்கு அது போதும், 15 தொங்கினால் உயரமான ஆள் தலையில் படும். நீளமாக வேண்டுமென்றால் மைலோ டின்னில் சுற்றுங்கள்.

டின்னோடு சேர்த்து வெட்டக் கத்தரிக்கோல் நுழையாது. சுற்றுவதற்கு முன்னால் டின்மேல் நெட்டுவாக்கில் ஒரு உறிஞ்சு குழாயை ரப்பரால் மாட்டி, அதன்மேல் சுற்றுங்கள். அப்புறம் அந்த இடத்தில் நூல் கொஞ்சம் தூக்கி நிற்கும், கத்தரி சறுக்கிக்கொண்டு போகும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஆசைதான். மகன் செய்தது.

இன்னொரு திருத்தம். முதல் நாள் ஒற்றை நூலுக்குக் கணக்குச் சொன்னேன். ஒற்றை நூல் முடிச்சு எலிவால் மாதிரி இருக்கிறது. நாலு நூலை ஒன்றாகப் பிடித்து ஒரு குஞ்சமாகக் கட்டினால்தான் பார்வைக்கு நிறைவு. நாலு நூல் முடிச்சு 1.2 சென்டிமீட்டர் இடம் பிடிக்கிறது. 2 மீட்டருக்கு 170 குஞ்சம் என்று வைத்துக்கொண்டால், 170 பெருக்கல் 4 பெருக்கல் 23, ஏறக்குறைய 156 மீட்டர். ஒன்றேகால், ஒன்றரைக் கண்டு. ஐந்து கலர் வேண்டுமென்றால் ஐந்து கண்டு வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் மூன்று தோரணம் வரும். பத்துக் கண்டு வாங்கிய புண்ணியவதிக்கு ஆறு, ஏழு வரும். சொந்தக்காரர்களுக்குக் கொடுங்கள்.

16 செப்டம்பர், மலேசியா தினம்

லீவு. நிதானமாக எழுதலாம்.

போன வருடம் அக்கா மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள், பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், வைத்தார்கள். நான்தான் அலங்காரம் என்று வாயை விட்டேன். ஆறு மீட்டருக்கு ஒரே தோரணம், மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டினேன். அடியில் ஓடுகிற கயிறு வெளியே தெரியக் கூடாது என்று பெரிய யோசனை செய்து தங்சி வாங்கினேன், தூண்டில் போடுகிற நைலான் நரம்பு. வீட்டில் தரையில் விரித்துப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி, குஞ்சங்கள் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது.

அங்கே போய் இரண்டு தூணுக்கு நடுவில் மாட்டினோம். மாட்டி, ஏணியை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால் எல்லாக் குஞ்சமும் சறுக்கி நடுவில் வந்து குவிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் நரம்பு, நடுவில் கலர் கலராக ஒரு மூட்டை. துணி காயப்போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. தங்சி வழவழப்பு, இந்த முடிச்சு வழவழப்பில் நிற்காது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மாமாதான் "இதென்ன தேன்கூடா" என்றார். கேக் வெட்டுகிற மேசைக்கு முன்னால் ஒட்டுநாடா வைத்து ஒட்டிச் சமாளித்தோம். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோவில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

அதனால் கலரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கயிற்றைப் பற்றி யோசியுங்கள். சொரசொரப்பான பருத்திக் கயிறு நல்லது. அதே உல்லன் நூலை அடிக்கயிறாக வைக்காதீர்கள், கனத்தில் இழுபட்டு நாளுக்கு நாள் தொங்கும்.

17 செப்டம்பர்

கயிறு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். தாலி ராஃபியா, அந்தப் பிளாஸ்டிக் நாடாக் கயிறு, எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டு மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு உருண்டை. தமிழ்நாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், மலாயில் தாலி என்றால் கயிறு. எங்கள் வீட்டுக்கு வந்த மதுரை மருமகளை முதல் வாரமே கடைக்கு அனுப்பி "தாலி வாங்கிக்கொண்டு வா" என்றோம். பிள்ளை அழுதே விட்டது.

ராஃபியாவை அப்படியே நாடாவாக வைக்காமல் முறுக்கி வைத்தால் பிடிமானம் இருக்கும். ஆனால் வெயில் படுகிற இடத்தில் ஒரு வருடத்துக்குள் பொடிப் பொடியாக உதிரும். வீட்டுக்குள் என்றால் சரி. நூல் வாங்கப் போகிறவர்கள் "பெனாங் காயிட்" என்று கேளுங்கள். உல்லன் நூல் என்றால் கடைப்பையன் முழிப்பான்.

21 செப்டம்பர்

பெரியம்மா வந்திருந்தார். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவர், நாற்பது வருடப் பழக்கம். நான் ஒவ்வொரு குஞ்சமாகக் காதுக்குள் வாலை விட்டு இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடிஞ்சிரும்" என்றார்.

அப்புறம் கயிற்றின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாலு நூலை மடித்து இடது கையில் கயிற்றின்மேல் வைத்தார், கயிற்றை ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம் முறுக்கி மடிப்பின்மேல் போட்டு ஒரு இழுப்பு. முடிந்தது. அடுத்தது. மல்லிகை கட்டுகிற அதே கை, ஒரு வித்தியாசமும் இல்லை. நான் ஒன்று கட்டுவதற்குள் அவர் மூன்று கட்டினார், அதுவும் அண்ணி வீட்டு விவகாரம் பேசிக்கொண்டே. மடிப்பு கயிற்றுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது, கொண்டை போட்ட மாதிரி. என் முடிச்சை விட அதுதான் அழகு என்று சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

சறுக்குமா என்று கேட்டேன். கட்டின குஞ்சத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார், நகரவில்லை. "நீ நூலைக் கயித்துல தொங்க விடுற. நான் கயித்தால நூலைக் கட்டுறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், மறுபடி அண்ணி கதைக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே பாலாய் ராயா தேன்கூடு கண்ணில் வந்து நின்றது. என் முடிச்சில் நூல்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கை வழுக்கினால் போயிற்று. பூக்கட்டில் கயிறு நூலைப் பிடிக்கிறது. ஆறு மீட்டரையும் இப்படிக் கட்டியிருந்தால் தங்சியில்கூட நின்றிருக்குமோ என்னமோ.

ஒரே குறை, கயிறு நிறையத் தின்னும். என் முறையில் 2 மீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் கயிறு போதும். பெரியம்மா கட்டிய 2 மீட்டருக்குப் பத்து மீட்டருக்கு மேல் போனது. முன்னாலேயே வெட்டி வைக்காதீர்கள், உருண்டையிலிருந்து அப்படியே கட்டிக்கொண்டு போங்கள்.

கால் விரலில் மாட்ட வெட்கமாக இருந்தால் நாற்காலிக் காலில் மாட்டலாம். வேகம் வராது.

21 செப்டம்பர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. பெரியம்மா போகும்போது வர்ணக் காகிதத் தோரணம் பற்றிப் பேசினார், அதே நினைப்பு.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் தாமானுக்கு வருவதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். இப்போது அங்கே செம்பனை, அப்போது பால்மரம். கல்யாணம் என்றால் பெரட்டுக் களத்துக்கு (காலையில் பேர் கூப்பிடுகிற இடம்) பக்கத்தில் பந்தல், பொடிசுகள் எல்லாருக்கும் ஒரே வேலை: காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிச் சங்கிலி ஒட்டுவது. பசைக்குக் காசு யார் கொடுப்பது? மரவள்ளி மாவைக் காய்ச்சுவார்கள். ராத்திரி கரப்பான் வந்து தின்னும், காலையில் சங்கிலி துண்டு துண்டாகக் கிடக்கும். அதனால் பையன்கள் அம்மா பால்வாளியில் விரல் விட்டுக் கொஞ்சம் மரப்பால் எடுத்து வருவார்கள். தொட்டு ஒட்டினால் கெட்டியாகப் பிடிக்கும், இழுத்தால் காகிதம் கிழியுமே தவிர ஒட்டு விடாது. இரண்டு நாளில் ஒட்டின இடமெல்லாம் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, பந்தல் முழுக்க ரப்பர் ஸ்டோர் வாடை அடிக்கும். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர் என்றால் மூக்கைப் பிடிப்பார்கள். நமக்கு அது ஒரு வாடையே இல்லை.

நல்லவேளை, நூல் தோரணத்துக்குப் பசை வேண்டாம்.

28 செப்டம்பர்

கலர் பற்றிச் சொல்கிறேன், சுருக்கமாக. ஐந்து கலரை அடுக்கி வைத்து வரிசையாக எடுத்துக் கட்டினால் பள்ளிக்கூட வரவுப் பதிவேடு மாதிரி வரும். எல்லாத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கிக் கண்ணை மூடி எடுத்தால் சிவப்பெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும், இது எப்படியோ எனக்கு நடக்கும். இரண்டுக்கும் நடுவில்: பத்துப் பத்துக் குஞ்சமாக எடுத்துத் தரையில் பரப்பி, கண்ணுக்கு உறுத்துவதை மட்டும் மாற்றி, அப்புறம் கட்டுங்கள். ஒரு மங்கல் கலர் இருக்கட்டும், சாம்பலோ பழுப்போ. எல்லாமே பளிச்சென்றால் எதுவும் பளிச்சென்று தெரியாது.

சாயம் போகிற விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். உல்லன் நூல் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமமே கிடையாது, அக்ரிலிக், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். அதில் சாயம் நன்றாகப் பிடித்திருக்கும், தண்ணீரும் அதிகம் குடிக்காது. பருத்தி நூல் அப்படி இல்லை. பருத்திதான் உயர்ந்தது என்று நினைத்து ஒரு தடவை சிவப்புப் பருத்தி நூலில் கட்டி ஐந்தடியில் (வீட்டு முன்நடையில்) மாட்டினேன். நம் பக்கம் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை ஊற்றுமே, சாரல் அடித்தது. மறுநாள் வெள்ளைச் சுவரில் சிவப்புக் கோடு கோடாக வழிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தாராம். சுவருக்கு மறுபடி சாயம் அடிக்க 80 வெள்ளி, தோரணத்துக்கு 9 வெள்ளி.

பருத்தியில்தான் கட்டுவேன் என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் ஒத்திப் பாருங்கள். கறை வந்தால் வீட்டுக்குள் மட்டும். மூலையில் சுவரை ஒட்டி மாட்டினால் ஈரத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும், அதையும் கவனியுங்கள்.

4 அக்டோபர்

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தோரணத்துக்குக் கீழே விளக்கு வைக்காதீர்கள்.

அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், உருகினது சொட்டும். கையில் இருக்கிற நூல் எது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, கழுவுத்தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கரும்புகை விட்டுச் சுருண்டு, ஆறினதும் கருப்பாக ஒரு கெட்டி மணி விழுந்தால் அக்ரிலிக். காகிதம் மாதிரி எரிந்து லேசான சாம்பலானால் பருத்தி. முடி கருகுகிற நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தால் அதுதான் நிஜக் கம்பளி.

போன தீபாவளிக்கு எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் அகல்விளக்கு வரிசைக்கு மேலே தொங்கின குஞ்சத்தில் ஒன்று காற்றில் ஆடித் தீயைத் தொட்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, சரம் முழுக்கப் பரவுவதற்குள் வீட்டுக்காரர் அறுத்துப் போட்டார். டைல்ஸில் அந்தக் கருப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு சுரண்டச் சுரண்ட வரவில்லை. விளக்குக்கும் நூலுக்கும் ஒரு ஆள் இடைவெளியாவது இருக்கட்டும், மேலும் கீழும் மட்டுமில்லை, காற்றடிக்கிற பக்கமும். சாம்பிராணிக்கும் இதே கதைதான்.

11 அக்டோபர்

மாட்டுகிறபோது இழுத்துக் கட்டாதீர்கள். நேர்கோடாக நிற்க வேண்டும் என்று இழுக்க இழுக்க ஆணிமேல்தான் பாரம் ஏறும், அப்புறம் ஆணி சிமெண்டோடு வரும். கொஞ்சம் தொங்கவிட்டால் பார்க்கவும் லட்சணம். 2 மீட்டர் அகலத்தில் நடுவில் 30 சென்டிமீட்டர் தொங்க வேண்டுமென்றால் தோரணம் 12 சென்டிமீட்டர் மட்டும் கூட இருந்தால் போதும், 2 மீட்டர் 12. நான் நம்பாமல் அரை மீட்டர் கூட வைத்து, அது இடுப்புவரை தொங்கி, பிள்ளைகள் ஊஞ்சல் என்று நினைத்துவிட்டார்கள்.

மேலே மாட்டின பிறகு கீழ் நுனிகளை ஒட்ட நறுக்குங்கள். தரையில் வைத்து நறுக்கினால் நேராக வராது.

12 அக்டோபர்

அகலம் மாறினால் அதே 12 செல்லாது. தொங்கலையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் கூட்டினால் இதுவும் அதே விகிதத்தில் கூடும். 4 மீட்டருக்கு 60 தொங்கினால் 24 கூட வேண்டும். மகன் பார்த்துவிட்டுத் திருத்தச் சொன்னான். இவனைப் படிக்க வைத்தது தப்பு.

19 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின நாள்

முறுக்கு சுட்டு முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன், கையெல்லாம் எண்ணெய்.

முதல் நாள் நிலைப்படியில் நூல் கூடாது என்று பெரிதாகச் சொன்னேன் இல்லையா. காலையில் பெரியம்மா மாவிலை கொண்டுவந்தார், பத்துப் பதினைந்து இலைதான். மற்றதெல்லாம் மழையில் அழுகிப் புள்ளி விழுந்ததாம். 2 மீட்டருக்கு அது எப்படிப் பற்றும்? நான் போய் பசாரில் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் நூல் தோரணத்தை எடுத்து, இடையிடையே குஞ்சத்தை ஒதுக்கி, காம்பை அதே கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கைப்பிடிக்கு ஒன்று என்று இலையைச் சொருகிவிட்டார். இலையும் நூலும் கலந்து தொங்குகிறது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நூலுக்கு நடுவில் இலை தனியாகத் தெரிகிறது, முன்பு வெறும் இலையாக இருந்தபோது தெரிந்ததை விட நன்றாக.

"நூல் ஆகாதுன்னு சொன்னேனே" என்றேன். "பூ கட்டுறதும் நூல்லதான்" என்றார்.

அதனால் கூலிம் தங்கச்சிக்கு என் திருத்தம்: மாட்டலாம். இலை வாடியதும் இலையோடு சேர்த்துத் தோரணத்தையும் கழற்றிவிடுங்கள், நீலப் பிளாஸ்டிக் வீடு மாதிரி விடாதீர்கள். மாமியார் என்ன சொன்னார் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே நீங்கள்.

8 நவம்பர்

கழற்றியாகிவிட்டது. இலை பத்தாம் நாளே சருகு, நான் சொன்னபடி நானே செய்யவில்லை, இன்னும் பத்து நாள் கிடந்தது. கழற்றும்போது கொண்டைகளுக்கு நடுவில் பல்லி முட்டை இரண்டு. நம் ஊர்ச் செம்மண் தூசி வேறு, மஞ்சள் எல்லாம் காவியாகியிருந்தது. தலையணை உறையில் போட்டு மெஷினில் விடலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், நூல்களெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கயிறாகத் திரும்பி வரும். வாளியில் சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் கொடியில் மாட்டினேன், காய்ந்ததும் பல் அகலமான சீப்பால் வாரிவிட்டேன். முறுக்கு பிரிந்து பொசுபொசுவென்று ஆகிவிட்டது, அதுவும் நன்றாகவே இருக்கிறது. பால் டின்னிலேயே சுற்றி வைத்துவிட்டேன்.

என் முடிச்சில் கட்டின ஹால் தோரணத்தில் நாலைந்து குஞ்சம் கழன்று விழுந்தது. பெரியம்மா கட்டினதில் ஒன்றும் விழவில்லை.

ஒருவர் 4 மீட்டர் மண்டபத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார். பால் டின் அளவுக்கு மூன்று கண்டு, மைலோ டின் அளவுக்கு நாலைந்து. கயிறு பூக்கட்டு முறைக்கு 25 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. 2026ல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் ஆட்கள் தண்ணீர்ப்பந்தல் போடுகிறார்கள். அதற்கு எட்டு மீட்டர் வேண்டுமாம், மஞ்சளும் ஆரஞ்சும். நூல் நான் வாங்க வேண்டும், குஞ்சம் நான் வெட்ட வேண்டும். கயிற்றை மட்டும் பெரியம்மா தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவாராம்.